பாட்டுக் கம்பெனி திவாலான கதை

1713 ஜனவரி. லண்டன் ஹேமார்க்கெட் தியேட்டரில் ‘தெசேயோ’ என்று ஒரு புது ஓபரா. இசை, ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியிருந்த 27 வயது ஜார்ஜ் ஹாண்டல். இரண்டு ஆட்டம் முடிந்தது. அப்புறம் பார்த்தால் மேனேஜரைக் காணோம். கல்லாவைத் திறந்தால் அதிலும் ஒன்றும் காணோம். ஓவன் ஸ்வினி என்ற அந்தப் புண்ணியவான் வசூலோடு நாட்டை விட்டே கம்பி நீட்டிவிட்டார். பாடினவர்களுக்குச் சம்பளம் பாக்கி. படுதா வரைந்தவருக்குப் பாக்கி. உடுப்பு தைத்தவருக்குப் பாக்கி. வேறு வழியில்லாமல் பாடகர்களே கூட்டுச் சேர்ந்து மிச்ச ஆட்டங்களை நடத்தி, வந்ததைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஸ்வினியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆசாமி திரும்ப வருவார்.

இன்றைக்கு இசை விழா நடத்துகிறவர்கள் பலரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நட்சத்திரங்களின் சம்பளம் ஏறிவிட்டது, மேடைச் செலவு ஏறிவிட்டது, இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது, ஸ்பான்சர் மட்டும் இறங்கிவிட்டார் என்று புலம்பல். கேட்டால் ‘வரலாறு காணாத நெருக்கடி’ என்கிறார்கள். வரலாறு இதையெல்லாம் எப்போதோ கண்டு, கொட்டாவி விட்டு, பாதி ஆட்டத்தில் எழுந்து வீட்டுக்கும் போய்விட்டது. ஹாண்டலின் கதையைக் கேட்டால் தெரியும்.

அந்தக் கால லண்டனில் ஓபரா என்பது, பணம் மிகுந்தவர்கள் அதைக் கரைப்பதற்குக் கண்டுபிடித்த மிக இனிமையான வழி. பாட்டு இத்தாலிய மொழியில். கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே ஆளுக்கொரு மொழிபெயர்ப்புப் புத்தகம் விற்பார்கள். அதைப் படிக்க வெளிச்சம் வேண்டுமே, ஆட்டம் முடிகிறவரை அரங்கம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும். கதை புரியாத குறையைப் போக்க மேடையில் யந்திரம், நெருப்பு, பறக்கும் தேர். 1711-இல் ஹாண்டலின் ‘ரினால்டோ’வில் தோட்டக் காட்சிக்கு நிஜக் குருவிகளையே அவிழ்த்துவிட்டார்கள். ஜோசப் அடிசன் தன் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் இதைப் பிடித்துக்கொண்டார்: இந்தக் குருவிகள் இனி இந்தத் தியேட்டரை விட்டுப் போகாது, வேறு காட்சிகளில் அழையா விருந்தாளியாக வரும் என்று கிண்டல். அடிசன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த மேடையில் சம்பளம் கேட்காமல் ஏறியது அந்தக் குருவிகள்தான்.

ஸ்வினி ஓடிய பிறகு தியேட்டர் ஹைடெகர் என்ற சுவிஸ்காரரின் கைக்கு வந்தது. லண்டனிலேயே அவலட்சணமான முகம் தனக்குத்தான் என்று அவரே பெருமையடித்துக்கொள்வாராம். முகம் எப்படியோ, மூளை அமோகம். ஓபராவால் வாடகை தேறாது என்று கண்டுகொண்டு, அதே தியேட்டரில் முகமூடி நடனங்களை ஆரம்பித்தார். சீமான்களும் சீமாட்டிகளும் முகத்தை மறைத்துக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். ஒழுக்கம் கெடுகிறது என்று பிஷப் பிரசங்கம் செய்தார். அந்த விளம்பரத்தில் கூட்டம் இன்னும் கூடியிருந்தால் ஆச்சரியமில்லை. பாட்டு நஷ்டம், பக்க வியாபாரம் லாபம் என்ற சூத்திரத்தை ஹைடெகர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்.

1719-இல் லண்டன் பிரபுக்களுக்கு ஒரு யோசனை உதித்தது. அந்த வருஷம் ஊரே பங்குச் சந்தைப் பித்துப் பிடித்துத் திரிந்தது. எதைச் சொன்னாலும் பங்கு போட்டு விற்கலாம். அப்படியிருக்க, ஓபராவுக்கு மட்டும் ஏன் ஒரு கம்பெனி ஆரம்பிக்கக் கூடாது? ஆரம்பித்தார்கள். பெயர் ‘ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்’. ஒரு பங்கு 200 பவுண்டு. முதலில் திரட்ட நினைத்த தொகை 10,000 பவுண்டு. ராஜா முதலாம் ஜார்ஜ் வருஷத்துக்கு 1,000 பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டார். டைரக்டர்களில் கோமகன்களும் பிரபுக்களும் இருந்தார்கள். கணக்கு வழக்கு தெரிந்த யாரையும் அவர்கள் பெரிதாகத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

இதில் ஹாண்டல் முதலாளி இல்லை, சம்பளக்காரர். பங்குச் சந்தையில் பழக்கப்பட்டவர்தான். 1716-லேயே சவுத் ஸீ கம்பெனியில் 500 பவுண்டுக்குப் பங்கு வைத்திருந்தவர். ஆனாலும் பாட்டுக் கம்பெனியில் தன் கைக்காசைக் கொட்டாமல் சம்பளத்தோடு நின்றுகொண்டார். இந்தக் கதையில் கடைசிவரை பிழைத்திருப்பவர் யார் என்று நீங்கள் இங்கேயே ஊகித்துவிடலாம்.

பங்குதாரர்கள் 200 பவுண்டையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். கம்பெனி கேட்கிறபோது தவணை தவணையாகக் கட்டினால் போதும். கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் 1720 ஏப்ரலில் முதல் ஆட்டம் போட்டார்கள், செப்டம்பருக்குள் சவுத் ஸீ பங்குகள் மடமடவென்று சரிந்தன. மேலே எறிந்தது கீழே விழும் என்பதற்குக் கணக்கெழுதிய ஐசக் நியூட்டனே அந்தச் சரிவில் பணத்தைக் கோட்டைவிட்டார். மற்ற சீமான்கள் எம்மாத்திரம்? ஓபராத் தவணை கேட்டு ஆள் வந்தால் ‘ஐயா ஊரில் இல்லை’ என்று பதில். கடைசியில் தவணை கட்டாத பெருந்தகைகளுக்குக் கம்பெனி பத்திரிகையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு முறை பங்குதாரர்களுக்கு 7 சதவீதம் லாபம் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே மிச்ச வருஷங்களை ஓட்டச் சொன்னார்கள்.

பணம் எங்கே போயிற்று? தொண்டைக்குள்.

முதல் தொண்டை செனெசினோ. அந்தக் கால இத்தாலியில், நன்றாகப் பாடும் சிறுவர்களுக்குக் குரல் உடைவதற்கு முன்பே அறுவை செய்து, ஆண்மையைப் பறித்துவிடுவார்கள். குரல் கடைசிவரை உச்சத்திலேயே நிற்கும். பையனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தக் கொடுமையைத் தாண்டிப் பிழைத்துப் பெயர் வாங்கிய ஒரு சிலர், பிற்பாடு ஐரோப்பாவையே வட்டியும் முதலுமாகக் கட்ட வைத்தார்கள். செனெசினோ அவர்களில் ஒருவர். மேடையில் ஜூலியஸ் சீசர், மாவீரன். ஒருநாள் ‘சீசருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது’ என்ற பொருளில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து யந்திரத் துண்டு ஒன்று தொப்பென்று விழ, மாவீரர் தரையில் குப்புற விழுந்து அழுதார் என்று ஒரு கதை உண்டு.

இரண்டாவது தொண்டை ஃபிரான்செஸ்கா குஸோனி. குள்ளம், தடிமன், முன்கோபம், தேவகானம். ஒத்திகையிலேயே ரகளை. ஹாண்டல் எழுதிக் கொடுத்த முதல் பாட்டு தன் தகுதிக்கு எளிமையாக இருக்கிறது, பாடமாட்டேன் என்று விட்டார். ஹாண்டலும் லேசுப்பட்டவர் இல்லை. அம்மையாரை இடுப்போடு பிடித்து, ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிடுவேன் என்று மிரட்டினார் என்று, அவர் வாழ்க்கையை முதலில் எழுதியவர் சொல்கிறார். குஸோனி பாடினார். 1723 ஜனவரி 12, ‘ஒத்தோனே’ அரங்கேற்றம். அதே பாட்டுக்குத்தான் ஊர் சொக்கிப்போயிற்று. அரை கினி டிக்கெட் பிளாக்கில் பல மடங்குக்கு விற்றது. அந்த லாபத்தில் கம்பெனிக்குக் காலணா வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ‘ரொடெலிண்டா’வில் அவர் போட்டு வந்த வெள்ளிச் சரிகை பழுப்புப் பட்டு கவுனைப் பார்த்து, லண்டன் இளசுகள் எல்லாம் அதே துணியில் தைத்துக்கொண்டார்கள். அதிலும் துணிக்கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஒரு சீசனுக்குக் குஸோனிக்கு 2,000 பவுண்டு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லண்டனில் ஒரு கொத்தனார் வருஷம் முழுக்க வெயிலிலும் பனியிலும் உழைத்தாலும் 50 பவுண்டைத் தொடுவது கஷ்டமாக இருந்த காலம் அது.

இவ்வளவு செலவிலும் சீட்டு காலியாகத் தொடங்கியது. ஒரே குரலை எத்தனை நாள் கேட்பது? சாதாரண புத்தி உள்ளவர்கள் செலவைக் குறைப்பார்கள். டைரக்டர்கள் இன்னொரு நட்சத்திரத்தைக் கூட்டி வந்தார்கள். வெனிஸிலிருந்து ஃபாஸ்டினா போர்டோனி. அவரைப் பேசி முடிக்க இத்தாலியில் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்தவர் யார் தெரியுமா? கல்லாவோடு ஓடிப்போன அதே ஓவன் ஸ்வினி. இசை உலகத்தில் முன் அனுபவத்துக்கு எப்போதும் மரியாதை உண்டு.

1726 மே மாதம் ‘அலெஸாண்ட்ரோ’. ஒரே மேடையில் இரண்டு நாயகிகள். அலெக்ஸாண்டரின் காதலுக்குப் போட்டி போடும் இரண்டு பெண்களாக இருவரையும் நிறுத்தினார் ஹாண்டல். ஒருவருக்கு ஒரு பாட்டு கூடினால் மற்றவர் பெட்டியைக் கட்டுவார். ஆகையால் பாட்டை எண்ணி, அதன் கனத்தையும் பார்த்துச் சரிசமமாகப் பங்கு வைத்தார். பெம்ப்ரோக் சீமாட்டி குஸோனி கோஷ்டி. பர்லிங்டன் சீமாட்டி ஃபாஸ்டினா கோஷ்டி. ஒருத்தி பாட எழுந்தால் மற்றவளின் கோஷ்டி சீழ்க்கையடித்தது. 1727 ஜூன் 6 அன்று, போனோன்சினி இசையமைத்த ‘அஸ்தியனாத்தே’ நடந்துகொண்டிருந்தபோது சீழ்க்கை, பூனைக் கத்தல், கூச்சல் என்று வளர்ந்து, இளவரசி கரோலின் உட்கார்ந்திருக்கும்போதே சபை சந்தைக்கடையானது. ஆட்டம் பாதியில் நின்றது. மேடையில் இரண்டு நாயகிகளும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள் என்று துண்டுப் பிரசுரங்கள் கண் காது மூக்கு வைத்து எழுதின. உண்மையில் அடித்துக்கொண்டவர்கள் கீழே இருந்த பெரிய மனிதர்கள்தான் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஐந்தே நாளில் ராஜாவும் காலமானார். சீசன் அதோடு சரி.

கம்பெனி இப்படி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, 1728 ஜனவரி 29 அன்று, வேறொரு தியேட்டரில் ஜான் ரிச் என்பவர் ‘பெகர்ஸ் ஓபரா’ போட்டார். எழுதியவர் ஜான் கே. கதாநாயகன் வழிப்பறிக்காரன். மற்றவர்கள் பிக்பாக்கெட், விலைமாதர், லஞ்சம் வாங்கும் ஜெயிலர். பாட்டு ஆங்கிலத்தில், மெட்டு தெருவில் எல்லாரும் முணுமுணுக்கும் மெட்டு. இரண்டு நாயகிகள் ஒருவனுக்காக அடித்துக்கொள்ளும் காட்சியும் உண்டு. யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த சீசனிலேயே 62 ஆட்டம். கதாநாயகி லவீனியா ஃபென்டனுக்கு ஆரம்பச் சம்பளம் வாரத்துக்கு 15 ஷில்லிங். படம் ஓடியதும், மன்னிக்கவும், ஆட்டம் ஓடியதும் ரிச் மனமிரங்கி 30 ஷில்லிங் ஆக்கினார். லவீனியா ஒரு கோமகனுடன் போய்ப் பின்னாளில் அவருக்கே மனைவியானார். சம்பள உயர்வுக்குக் காத்திருப்பதைவிட அது புத்திசாலித்தனம். கொழித்த காசில் ரிச், கோவென்ட் கார்டனில் புதுத் தியேட்டரே கட்டினார்.

ராயல் அகாடமி 1728 ஜூனில் கடையைக் கட்டியது. போட்ட முதல் முழுக்கக் கரைந்து போயிற்று. கடைசிக் காலச் சம்பளப் பேச்சில் ஒரு வேடிக்கை நடந்ததாக வரலாற்றாசிரியர் பர்னி எழுதுகிறார். ஃபாஸ்டினாவைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பாடமாட்டேன் என்று குஸோனி சத்தியம் செய்திருந்தாராம். டைரக்டர்கள் ஃபாஸ்டினாவுக்கு ஒரே ஒரு கினி கூட்டிக் கொடுத்தார்கள். குஸோனி சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். ஒன்பது வருஷத்தில் அந்த நிர்வாகம் செய்த ஒரே உருப்படியான சிக்கனம் அதுதான்.

இந்த மட்டில் எல்லாருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹாண்டல் ஹைடெகரோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி கம்பெனி ஆரம்பித்தார். செனெசினோவை 1,400 கினிக்குத் திரும்ப அழைத்தார், சண்டை போட்டார், விரட்டினார். 1733-இல் செனெசினோவை வைத்துப் பிரபுக்கள் போட்டிக் கம்பெனி தொடங்கினார்கள். ராஜா இரண்டாம் ஜார்ஜ் ஹாண்டல் பக்கம். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பதால் பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக் எதிர்ப் பக்கம். ஒரு ஓபராவையே தாங்க முடியாத ஊரில் இப்போது இரண்டு ஓபரா.

1734-இல் போட்டிக் கம்பெனி ஃபாரினெல்லியை இறக்கியது. ஐரோப்பாவின் ஆகப்பெரிய குரல். 1,500 கினிச் சம்பளம், போதாக்குறைக்கு அவர் பெயரில் தனி வசூல் நாள். முதல் முறை அவரோடு மேடையேறியபோது செனெசினோவுக்குக் கொடுங்கோலன் வேஷம். ஃபாரினெல்லிக்குச் சங்கிலியில் கட்டுண்ட கைதி வேஷம். கைதி பாடி முடித்ததும் கொடுங்கோலன் வேஷத்தை மறந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார் என்கிறார் பர்னி. சீமாட்டிகள் மயங்கினார்கள். சீமான்கள் தங்க மூக்குப்பொடி டப்பா பரிசளித்தார்கள். அடுத்தடுத்த சீசனில் மோகம் தெளிந்தது. அதே ஃபாரினெல்லி, வெறும் 35 பவுண்டு வசூலான சபைக்கு முன்னால் பாடியதைக் கண்டதாக நடிகர் கோலி சிபர் எழுதினார்.

ஹேமார்க்கெட் தியேட்டரை எதிரிகள் பிடித்துக்கொண்டதால் ஹாண்டல் எங்கே போனார்? கோவென்ட் கார்டனுக்கு. ஆமாம், பிக்பாக்கெட் ஓபரா லாபத்தில் கட்டிய அதே கட்டடம். 1737-இல் ஹாண்டலுக்கு வலது கை செயலிழந்தது. போட்டிக் கம்பெனி அந்த ஜூனில் மூடியது. ஃபாரினெல்லி ஸ்பெயினுக்குப் போய், மனச்சோர்வில் கிடந்த ராஜாவுக்கு இரவுதோறும் பாடும் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஒரே ரசிகர், டிக்கெட் இல்லை, சம்பளம் ஒன்றாம் தேதி பாக்கியில்லாமல். நேரடி இசையில் இதைவிட லாபகரமான மாதிரியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதே வேளையில் தேம்ஸ் நதியின் தென்கரையில், வாக்ஸ்ஹால் தோட்டத்தில் ஜோனதன் டையர்ஸ் என்பவர் வாயைத் திறக்காமல் சம்பாதித்துக்கொண்டிருந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். மரத்தடியில் விளக்கு, நடுவில் வாத்தியக் கோஷ்டி, சுற்றிலும் சாப்பாட்டு மேஜை. ஷில்லிங் கொடுத்து உள்ளே வந்தவர் ஒயினுக்கும் பன்றி இறைச்சிக்கும் அழும் காசுதான் லாபம். அந்த இறைச்சித் துண்டுக்கு ஊரெல்லாம் புகழ். அதன் வழியாகப் பத்திரிகை படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு என்றார்கள். ஒரே ஒரு தொடையை அரிந்து தோட்டம் முழுக்கப் பரப்பிவிடலாம் என்றார்கள். நக்கலடித்துவிட்டு அடுத்த வாரமும் வந்து அதையே வாங்கித் தின்றார்கள். மார்கழியில் சென்னை சபா கேன்டீனில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்த மனோதத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. 1738-இல் டையர்ஸ் தன் தோட்டத்தில் ஹாண்டலுக்குப் பளிங்குச் சிலையே வைத்தார். காலில் வீட்டுச் செருப்போடு, யாழ் மீட்டியபடி.

1749-இல் அரசுச் செலவில் சமாதான விழா. வாணவேடிக்கைக்கு ஹாண்டல் இசை. அதன் ஒத்திகை ஏப்ரல் 21 அன்று வாக்ஸ்ஹாலில். டிக்கெட் அரைக் கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். 12,000 பேர் என்று பத்திரிகைகள் எழுதின. வண்டிகள் அடைத்துக்கொண்டு லண்டன் பாலத்தில் மூன்று மணி நேரம் அசைய முடியவில்லை. விளக்கும் முப்பது ஆளும் விழாவுக்கு இரவல் கொடுத்ததற்குப் பதிலாக ஒத்திகையைத் தன் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார் டையர்ஸ். ஆறு நாள் கழித்து கிரீன் பார்க்கில் நிஜ விழா, இலவசம். மழை ஈரம். பாதி வாணம் புஸ். மர மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பிடித்தது. மண்டபம் கட்டிய செர்வந்தோனி கோபத்தில் வாணவேடிக்கை அதிகாரிமேல் வாளை உருவி, காவலில் போனார். ஒத்திகைக்குக் காசு வசூலாயிற்று, விழாவுக்குக் காசு எரிந்தது.

ஹாண்டல் என்ன ஆனார்? அவருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது. 1741-இல் இத்தாலிய ஓபராவுக்குக் கும்பிடு போட்டார். இனி ‘ஓரடோரியோ’: பைபிள் கதை, ஆங்கிலப் பாட்டு. வேஷம் இல்லை, படுதா இல்லை, குருவி இல்லை. பெரும்பாலும் உள்ளூர்ப் பாடகர்கள். ஓபரா நடக்காத நோன்பு நாட்களில் கச்சேரி. தியேட்டரும் சும்மாதான் கிடக்கும், புண்ணியமும் சேரும். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் ‘மெசையா’. இடம் காணாது, பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவும் என்று அறிவிப்பு. 700 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுமார் 400 பவுண்டு வசூல், அவ்வளவும் தர்மத்துக்கு. அதில் ஒரு பங்கால், கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த 142 பேர் வெளியே வந்தார்கள். அடுத்தடுத்துக் கம்பெனிகள் கடனில் மூழ்குவதைக் கிட்ட இருந்து பார்த்தவர் செய்யக்கூடிய பொருத்தமான கைங்கரியம். பிற்பாடு லண்டனில் பிரபுக்களின் சந்தாவையும் விட்டொழித்தார். அன்றன்றைக்கு டிக்கெட், காசு கொடுத்தவர் யாரானாலும் உள்ளே வரலாம். கடைக்காரர்களும் வக்கீல்களும் வந்தார்கள். முக்கியமாக, அவர்கள் காசு கொடுத்து வந்தார்கள். 1759-இல் ஹாண்டல் இறந்தபோது விட்டுச்சென்றது ஏறத்தாழ 20,000 பவுண்டு.

குஸோனி 1750-இல் லண்டனுக்குத் திரும்பி வந்தார். குரல் போயிருந்தது, 30 பவுண்டுக் கடனுக்குக் கைது செய்யப்பட்டார். இளவரசர் ஃபிரடெரிக் ஜாமீன் கொடுத்து மீட்டார். கடைசிக் காலத்தில் பொலோனியாவில் சட்டைப் பொத்தான் செய்து வயிறு கழுவினார் என்று சொல்வார்கள். 2,000 பவுண்டும் அவரிடம் தங்கவில்லை. கம்பெனியிடமும் தங்கவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு எளிது. நட்சத்திரத்தை நம்பி விழா நடத்தினால், கூட்டம் கொண்டுவருகிற காசு நட்சத்திரத்துக்கே சரியாகப் போகும். ஸ்பான்சரை நம்பி நடத்தினால், அவருடைய பங்கு விழுகிற அன்று விழாவும் விழும். பிழைத்தவர்கள் மூன்றே வகை: முகமூடியும் இறைச்சியும் விற்றவர்கள், ராஜாவைப் பிடித்தவர்கள், செலவைச் சுருக்கி டிக்கெட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டவர். இசையின் காசில் இசை பிழைத்தது மூன்றாம் வகையில் மட்டும்தான். 300 வருஷமாகியும் இந்தப் பாடத்தைப் படிக்காமல், ஒவ்வொரு கமிட்டியும் புதிதாக ஒரு ஃபாரினெல்லியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. தவணை கேட்டு ஆள் வந்தபோது ஊரில் இல்லாமல் போன சீமான்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போது அவர்கள் ‘ஒரு பாஸ் கிடைக்குமா?’ என்று போன் செய்கிறார்கள். அடுத்த சீசனில், பெயர் கேள்விப்படாத ஒரு சின்னப் பாடகரின் மத்தியானக் கச்சேரிக்கு, கவுண்டரில் காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்குங்கள். அப்புறம் தாராளமாகக் கேன்டீனுக்குப் போகலாம்.